வண்டியிலிருந்து இறங்கியவள்

அந்த ஊரில் எல்லோரும் ஒரே பதிலைச் சொன்னார்கள். "எந்தப் பிரச்சனையும் இல்லைங்க மேடம்." முதலில் சொன்னவர் ஒரு நடுவயதுக்காரர். அடுத்து அவர் மனைவி. பிறகு பக்கத்து அறைக்காரர்கள். ஆறாவது ஆளிடம் வந்தபோது நான் கேள்வியை மாற்றி, குடிதண்ணீர் ஒழுங்காக வருகிறதா என்று கேட்டேன். அதற்கும் அவர், "எந்தப் பிரச்சனையும் இல்லைங்க மேடம்" என்றார். அங்கே குழாயே இல்லை என்பதை வரும்போதே பார்த்திருந்தேன்.

தளிக்கு அப்பால், கர்நாடக எல்லையை ஒட்டிய சின்ன ஊர் அது. பாதி ஊர் ஒரு ரோஜாத் தோட்டத்துக்குள் இருந்தது. சரிவு முழுக்க வெள்ளை பாலித்தீன் கூரை போட்ட பசுமைக்குடில்கள். அவற்றுக்குப் பின்னால் கூலியாட்களின் லைன் வீடுகள். பத்துப் பதினைந்து வருடமாக அங்கேயே இருப்பவர்கள், ஓட்டும் அங்கேதான். வீட்டுக்குள் தெலுங்கு, தோட்டத்தில் கன்னடம், எங்களைப் போன்றவர்கள் வந்தால் தமிழ்.

நான் அப்போது துணை வட்டாட்சியர். தேர்தலுக்காக மண்டல அலுவலர் என்ற பொறுப்பையும், ஒரு ஜீப்பையும், மலைமேட்டில் சிதறிக் கிடந்த பன்னிரண்டு வாக்குச்சாவடிகளையும் கொடுத்திருந்தார்கள். வாக்காளர்களை யாராவது மிரட்ட வாய்ப்புள்ள இடங்கள் எவை என்று நேரில் பார்த்து எழுதிக் கொடுப்பது என் வேலைகளில் ஒன்று. அதை வைத்துத்தான் எங்கே எத்தனை போலீஸ், எங்கே மத்தியப் படை என்று முடிவு செய்வார்கள். முந்தைய தேர்தலிலும் இதே பொறுப்பு எனக்கு இருந்தது. அப்போது இந்த ஊருக்கு நேராக 'இல்லை' என்று எழுதியிருந்தேன். தேர்தலன்று தோட்டத்து வேனில் ஆட்கள் வந்து இறங்குவதையும், தோட்டத்து மேனேஜர் பள்ளிக்கூட கேட்டில் நின்று ஒவ்வொருவராகப் பார்த்து உள்ளே அனுப்புவதையும் பார்த்தேன். உறுத்தியது. ஆனால் புகார் எதுவும் வரவில்லை. புகார் வராத இடத்தைப் பற்றி என்ன எழுதுவது என்று விட்டுவிட்டேன்.

இந்த முறை என்னுடன் ஒரு சப்-இன்ஸ்பெக்டர் வந்திருந்தார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், முப்பத்தைந்து வயதிருக்கும். மேனேஜர் எங்களுக்கு நாற்காலி போட்டு டீ வரவழைத்தார். ஐம்பது வயது, வெள்ளைச் சட்டை, காதைக் கிட்டே கொண்டுபோனால்தான் கேட்கும் குரல். முதலாளி பெங்களூரில் இருக்கிறார், இங்கே எல்லாம் நான்தான் என்றார். அந்த முதலாளிக்கு வேண்டியவர் ஒருவர் தேர்தலில் நிற்கிறார் என்பது எங்களுக்கு ஏற்கெனவே தெரியும்.

ஆட்களுடைய வாக்காளர் அட்டைகளைப் பார்க்க வேண்டும் என்றேன். எழுந்து வீட்டுக்குப் போய் எடுத்துவருவார்கள் என்று எதிர்பார்த்தேன். யாரும் நகரவில்லை. மேனேஜர்தான் தன் அறைக்குள் போய் ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்தார். எல்லா அட்டைகளும் ரப்பர் பேண்ட் போட்டு அதற்குள் இருந்தன. "லைன் வீட்ல எலித் தொல்லை மேடம். பத்திரமா இருக்கட்டும்னு நாந்தான் வாங்கி வச்சேன்" என்றார்.

அங்கேயே பெயர் கூப்பிட்டுத் திருப்பிக் கொடுக்கச் சொன்னேன். கொடுத்தார். வாங்கியவர்கள் யாரும் அட்டையைப் பார்க்கவில்லை, மேனேஜரைப் பார்த்தார்கள். கடைசியாக வாங்கியவளுக்கு முப்பது முப்பத்திரண்டு வயதிருக்கும். பூக்களைத் தரம் பிரிக்கும் கொட்டகையில் வேலை. முள் குத்தாமலிருக்க விரல்களில் வெள்ளைப் பிளாஸ்திரி சுற்றியிருந்தாள். கட்டுப்பாட்டு அறை எண்ணும் என் கைபேசி எண்ணும் உள்ள நோட்டீஸைச் சுவரில் நான் ஒட்டிக்கொண்டிருந்தபோது என்னைத் தாண்டிப் போனாள். நிற்காமல், திரும்பாமல் சொன்னாள்: "நீங்க போயிடுவீங்க."

அன்று சாயங்காலம் அந்த ஊரை மிரட்டல் உள்ள இடங்களின் பட்டியலில் எழுதினேன். எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகு சப்-இன்ஸ்பெக்டரிடம் காட்டினேன். அவர் இரண்டு முறை படித்துவிட்டு, தன் பெயரையும் கீழே போட்டார்.

அடுத்த வாரம் கிருஷ்ணகிரியில் கூட்டம். உள்ளூர் போலீஸ், மத்தியப் படை, மதுவிலக்குப் பிரிவு, வனத்துறை, எல்லைக்கு அந்தப் பக்கத்து அதிகாரிகள் என்று பெரிய மேசையைச் சுற்றி எல்லோரும் இருந்தார்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு வரைபடம். என் ஊரின் முறை வந்தபோது நான் எழுந்து அதன் பின்பக்கத்து மண்ரோட்டைப் பற்றிச் சொன்னேன். தோட்டத்தின் பின் கேட்டிலிருந்து புறப்பட்டு, ஒரு ஓடையைத் தாண்டி, கால் மணி நேரத்துக்குள் கர்நாடகாவில் ஏறும் பாதை. போலீஸ் வரைபடத்தில் அந்தப் பாதை ஓடையோடு நின்றுவிட்டது. வனத்துறை வரைபடத்தில் அது யானைகள் கடக்கும் இடம். அந்தப் பக்கத்துக்காரர்களின் வரைபடத்தில் அப்படியொரு பாதையே இல்லை. அவர்கள் நல்லவர்கள்தான். ஊர்ப் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டு, எங்கள் எல்லைக்குள் ஒரு தடுப்பு போடுகிறோம் என்றார்கள். மத்தியப் படையில் நான்கைந்து பேர் கொண்ட அரை செக்‌ஷன் அந்த ஊர்ச் சாவடிக்கு ஒதுக்கப்பட்டது. தேர்தலன்று காலை ஐந்தரைக்குள் இடத்தில் இருக்க வேண்டும். எல்லாம் எழுத்தில் வந்தது. நிம்மதியோடு வீடு திரும்பினேன்.

மறுநாள் காலை ஓசூரில் எங்கள் வாடகை வீட்டு கேட்டில், செய்தித்தாளில் சுற்றிய ரோஜாக் கொத்து ஒன்று செருகியிருந்தது. நீளக் காம்பு, கருஞ்சிவப்பு, மொட்டு நிலையிலேயே வெட்டிய ஏற்றுமதிப் பூ. நைட் ஷிப்ட் முடிந்து வந்த கணவர்தான் எடுத்துவந்தார். யார் கொடுத்தது என்று சிரித்துக்கொண்டே கேட்டார். அலுவலகத்தில் யாராவது இருக்கும் என்றேன். தண்ணீர் ஊற்றி வைத்தோம்.

மறுநாளும் வந்தது. அதற்கடுத்த நாளும். சீட்டு இல்லை, பெயர் இல்லை. மூன்றாம் நாள் என் கணவர் சிரிக்கவில்லை. நான்காம் நாள் நான் விடிவதற்கு முன்பே எழுந்து ஜன்னலோரம் நின்றேன். தெருவில் பால்காரர் போனார், கம்பெனி பஸ் போனது. தலையைத் திருப்பி அடுப்பைக் குறைத்துவிட்டு வந்து பார்த்தால் கொத்து கேட்டில் இருந்தது. என் மகள் கல்லூரிக்குப் போகும்போது அதைத் தாண்டித்தான் போனாள். அவளிடம் எதையும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. ஆனால் அந்த வாரம் ஒருநாள் பஸ் ஸ்டாப்பில் இறங்கியதிலிருந்து வீடு வரும்வரை என்னுடன் போனில் பேசிக்கொண்டே வந்தாள்.

சப்-இன்ஸ்பெக்டரிடம் சொன்னேன். அவர் வீட்டுக்கு வந்து, குப்பைக் கூடையில் கிடந்த கொத்துகளை எல்லாம் எடுத்துத் தரையில் வரிசையாக வைத்துப் பார்த்தார். "பூ வைக்கது குத்தம்னு எந்தச் செக்‌ஷன்ல மேடம் கேஸ் போட?" என்றார். பிறகு, "பட்டியல்ல இருந்து ஊர் பேர எடுக்கணும்னு யாரும் கேட்டாங்களா?" என்றார். யாரும் கேட்கவில்லை. ஒரு போன்கூட இல்லை. அதுதான் எனக்குப் புரியவில்லை. கேட்டிருந்தால் முடியாது என்று சொல்லியிருப்பேன். சொல்வதற்கு எனக்கு ஒரு வாய்ப்பே தரவில்லை.

எட்டு நாள் பூ வந்தது. ஒன்பதாம் நாள் வரவில்லை. அன்றுதான் நான் தெருமுனைவரை போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

அன்று மதியமே அவள் கூப்பிட்டாள். புது எண். நான் அலுவலகத்தில் வாக்குச்சாவடிச் சாமான்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். குரலை வைத்துத் தெரியவில்லை. தரம் பிரிக்கிற கொட்டகை என்றதும் புரிந்தது.

"மேடம், ஓட்டு அன்னிக்கு நாங்க இங்க இருக்க மாட்டோம்."

ஏன் என்று கேட்டேன்.

"விடியக் காலையில வண்டி வருது. பின்னாடி ரோட்ல அந்தப் பக்கம் இட்டுகினு போறாங்க. சாயங்காலம்தான் உடுவாங்க."

"எல்லாரையுமா?"

"சொன்ன பேச்சக் கேக்கறவங்க இங்கதான் இருப்பாங்க. மத்தவங்கள."

"கையில கார்டு இருக்கில்ல?"

"அன்னிக்கே வாங்கிட்டாங்க. உங்க ஜீப்பு ரோட்ட எட்டறதுக்குள்ள."

அவர்களை அந்தப் பக்கம் வைத்துவிட்டு, அந்த அட்டைகளில் வேறு யாரோ ஓட்டுப் போடப்போகிறார்கள். ஆதார் இருந்தாலே போதும், அதை மட்டும் எப்படியாவது மறைத்து வைத்துக்கொள் என்றேன். சரி என்றாள். பின்னால் யாரோ கன்னடத்தில் கூப்பிடும் சத்தம் கேட்டது. "வருவீங்களா?" என்றாள். "வருவோம்" என்றேன். போனை வைத்த பிறகு, வருவேன் என்று சொல்லியிருக்கலாமே என்று தோன்றியது. 'வருவோம்' என்று சொல்லும்போது எத்தனை பேரை நம்பிச் சொன்னேன் என்று அப்போது எண்ணிப் பார்க்கவில்லை.

சப்-இன்ஸ்பெக்டருக்குச் சொன்னேன். மத்தியப் படை அதிகாரிக்கு இந்தி தெரிந்த ஒரு ஆசிரியர் மூலமாகச் சொன்னேன். அந்தப் பக்கத்து இன்ஸ்பெக்டரிடம் கன்னடத்தில் நானே பேசினேன். எல்லோரும் கவனமாகக் கேட்டார்கள். யாரிடமும் அவள் யார் என்று சொல்லவில்லை. ஒரு பெண் என்றுகூடச் சொல்லவில்லை.

தேர்தலன்று விடிவதற்கு முன் தளியில் நல்ல குளிர். மூடுபனி. நான் முதல் சாவடியில் மாதிரி வாக்குப்பதிவைத் தொடங்கி வைத்துக்கொண்டிருந்தபோது சப்-இன்ஸ்பெக்டர் வந்தார். மத்தியப் படை வண்டி தேன்கனிக்கோட்டை ரோட்டில் நிற்கிறது, அந்த வழியாக வந்த பால் வண்டிக்காரர் சொன்னார் என்றார். யானைகள். குட்டியோடு ஒரு கூட்டம் ரோட்டோரம் நிற்க, வனக்காவலர் வண்டியை மறித்துவிட்டார். அவர் செய்தது சரிதான். ஆனால் அவருக்கு இந்தி தெரியாது, படைக்காரர்களுக்குத் தமிழ் தெரியாது. வேறு ரோடு ஒன்று இருக்கிறது என்பதை அவர்களுக்குச் சொல்ல அங்கே ஆளில்லை. வனத்துறை வயர்லெஸ்ஸில் பேசினால் போலீஸ் வயர்லெஸ்ஸில் கேட்காது. போன் எடுத்தால் அந்தக் காட்டு ரோட்டில் டவர் இல்லை. இத்தனை கூட்டம் போட்டும் இது ஒருவருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான்.

"எம்புட்டு நேரம் ஆகும்னு தெரியலை மேடம். நாம போலாமா?" என்றார்.

நான், அவர், ஒரு காவலர், என் ஓட்டுநர். நான்கு பேர். சாவடிக்குப் போகாமல் நேராகத் தோட்டத்தின் பின்பக்கம் போகச் சொன்னேன்.

ஓடைக்கு இந்தப் பக்கமே அவர்களைப் பிடித்துவிட்டோம். பூ ஏற்றிப்போகும் மூடிய வேன்கள் இரண்டு, விளக்கைப் போடாமல் வந்துகொண்டிருந்தன. எங்கள் ஜீப்பைக் குறுக்கே நிறுத்தினோம். முன் வேனிலிருந்து மேனேஜர் இறங்கினார். அதே வெள்ளைச் சட்டை, மேலே ஸ்வெட்டர். கும்பிட்டார்.

பின் கதவைத் திறக்கச் சொன்னேன். அவரே திறந்தார். உள்ளே பூவுக்கான குளிர் இன்னும் இருந்தது. திறந்ததும் முகத்தில் அடித்தது. அதற்குள் பத்துப் பதினைந்து பேர் நெருக்கி நின்றிருந்தார்கள். ஆணும் பெண்ணும். யாரும் கண்ணை உயர்த்தவில்லை.

எங்கே போகிறீர்கள் என்று கேட்டேன். மேனேஜர்தான் பதில் சொன்னார். அந்தப் பக்கத் தோட்டத்தில் அவசர வேலை, அவர்களே விருப்பப்பட்டுத்தான் போகிறார்கள் என்றார். இன்று சம்பளத்தோடு விடுமுறை, வேலை வாங்கினால் சட்டப்படி குற்றம் என்றேன். "வேலைன்னு சொன்னது தப்புங்க மேடம்" என்று அந்தச் சின்னக் குரலில் திருத்திக்கொண்டார். "சும்மா போயிட்டு வர்றாங்க. வேணாம்னா அவங்களே சொல்லட்டும். கேட்டுப் பாருங்க."

எங்களுக்குப் பின்னால் இன்னொரு கார் வந்து நின்றது. நான்கைந்து பேர் இறங்கினார்கள். கிட்டே வரவில்லை. காரில் சாய்ந்து நின்றுகொண்டார்கள். எங்கள் காவலர் தன் தடியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார்.

நான் வேனுக்குள் பார்த்துப் பேசினேன். தமிழில் ஒருமுறை, கன்னடத்தில் ஒருமுறை, எனக்குத் தெரிந்த தெலுங்கில் ஒருமுறை. ஓட்டுப் போட விருப்பமிருப்பவர்கள் இறங்கி வாருங்கள், நான் கூடவே வருகிறேன், யாரும் உங்களைத் தொட முடியாது என்றேன். கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது எனக்கே அது நம்பும்படியாக இல்லை. யாரும் அசையவில்லை.

அப்போது நான் செய்த காரியத்தை இன்றுவரை மன்னித்துக்கொள்ள முடியவில்லை. என் கண் தானாக அவளைத் தேடியது. வலது மூலையில், தகரத்தோடு ஒட்டி நின்றிருந்தாள். விரல்களில் வெள்ளைப் பிளாஸ்திரி. ஒரு கணம்தான் பார்த்திருப்பேன். உடனே கண்ணை எடுத்துவிட்டேன். ஆனால் மேனேஜர் வேனுக்குள் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, நான் பார்த்த திசையில் மெதுவாகத் திரும்பி, அந்த மூலையைப் பார்த்தார். அவருக்கு வேறெதுவும் தேவைப்படவில்லை.

அவளுக்கும் அது புரிந்திருக்க வேண்டும். முன்னால் நின்றவர்களை விலக்கிக்கொண்டு வந்து, வேனின் விளிம்பில் உட்கார்ந்து, காலைத் தொங்கப்போட்டுக் கீழே குதித்தாள். சேலையைச் சரி செய்துகொண்டு என் பக்கத்தில் வந்து நின்றாள். அவளுக்குப் பின்னால் ஒரு வயதான கணவனும் மனைவியும் இறங்கினார்கள். பிறகு யாரும் இறங்கவில்லை, பின் வேனைத் திறந்து கேட்டபோதும். மேனேஜர் கொஞ்ச நேரம் காத்திருந்து, கதவை மூடினார். "கேட்டுட்டீங்க இல்ல மேடம். அவங்க இஷ்டம்" என்றார்.

காரில் வந்தவர்கள் நெருங்கிவந்து ஜீப்புக்கும் வேனுக்கும் நடுவில் நின்றார்கள். வேன்கள் ஜீப்பைச் சுற்றி வயலில் இறங்கி ஏறி, ஓடையைத் தாண்டி அந்தப் பக்கம் போயின. சப்-இன்ஸ்பெக்டர் வண்டி எண்களை எழுதிக்கொண்டே அந்தப் பக்கத்து இன்ஸ்பெக்டருக்குப் போன் போட்டார். அப்போதுதான் தெரிந்தது, அவர்கள் தடுப்புப் போட்டு ஆட்களோடு விழித்திருக்கிறார்கள். ஆனால் வேறு இடத்தில். எல்லைக்கு அந்தப் பக்கமும் அதே பெயரில் ஒரு ஊர் இருக்கிறது. கூட்டத்தில் நான் பெயரைச் சொன்னேன், அவர்கள் எழுதிக்கொண்டார்கள். அவ்வளவுதான் நடந்தது.

இறங்கிய மூவரையும் ஜீப்பில் ஏற்றிச் சாவடிக்குக் கொண்டுபோனேன். ஏழு மணிக்கு வரிசையில் அவள்தான் முதல் ஆள். ஒரு பூத் ஏஜெண்ட், இவள் அந்த ஆளே இல்லை என்று ஆட்சேபித்தார். அவள் இடுப்பிலிருந்து நாலாக மடித்த ஆதாரை எடுத்துக் கொடுத்தாள். வாக்குச்சாவடித் தலைமை அலுவலர் ஒரு பள்ளித் தலைமையாசிரியை. முகத்தையும் படத்தையும் நிதானமாகப் பார்த்துவிட்டு, உட்காருங்கள் என்று ஏஜெண்டிடம் சொன்னார். பிளாஸ்திரியைப் பிய்த்து விரலை நீட்டினாள். மை வைத்தார்கள். உள்ளே போனாள். அந்த இயந்திரத்தின் நீண்ட பீப் சத்தத்தை அத்தனை கவனமாக நான் அதற்கு முன் கேட்டதில்லை.

மத்தியப் படை எட்டு மணிக்கு வந்தது. அந்த அதிகாரி இறங்கியதும் என்னிடம் இந்தியில் ஏதோ நீளமாகச் சொன்னார். மன்னிப்புக் கேட்கிறார் என்று மட்டும் புரிந்தது. பதினொன்றரைக்கு அந்தப் பக்கத்து போலீஸ் வேன்களைக் கண்டுபிடித்தார்கள். ஒரு தோட்டத்து ஷெட்டுக்குள் ஆட்களை உட்கார வைத்து வெளியே பூட்டியிருந்தார்களாம். அவர்கள் எல்லைவரை கொண்டுவந்து ஒப்படைக்க, படைக்காரர்கள் முன்னும் பின்னும் துப்பாக்கியோடு நடந்து சாவடிக்கு அழைத்துவந்தார்கள். மாலை நான்கு மணிக்குள் எல்லோரும் ஆதாரைக் காட்டி ஓட்டுப் போட்டார்கள். காலையில் அவர்கள் அட்டையோடு வந்த மூன்று பேரைத் தலைமையாசிரியை ஏற்கெனவே பிடித்து உட்கார வைத்திருந்தார். ஒரு கள்ள ஓட்டும் விழவில்லை.

அவள் மட்டும் லைன் வீட்டுக்குத் திரும்பவில்லை. நாள் முழுக்கப் பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். ஆறு மணிக்குச் சாவடியை மூடினோம். இயந்திரங்களுக்கு சீல் வைத்து ஏற்றினோம். மத்தியப் படை இயந்திரங்களோடு போக வேண்டும், அதுதான் உத்தரவு. நானும் பன்னிரண்டு சாவடி இயந்திரங்களோடு போக வேண்டும். எங்கே போவாய் என்று அவளிடம் கேட்டேன். "வேற எங்க போறது" என்றாள். சப்-இன்ஸ்பெக்டர் ஒரு காவலரை லைன் வீட்டு வாசலில் போட்டார். மூன்று நாள் இருந்தார். பிறகு வாக்கு எண்ணும் மையத்துக்கு ஆள் தேவைப்பட, அவரையும் எடுத்துக்கொண்டார்கள்.

என் மண்டலத்தில் வாக்குப்பதிவு அமைதியாகவும் நேர்மையாகவும் நடந்தது என்று அறிக்கை போனது. அது பொய்யில்லை. துறைகளுக்கிடையே நல்ல ஒத்துழைப்பு என்று எனக்கும் சப்-இன்ஸ்பெக்டருக்கும் பாராட்டுச் சான்றிதழ் கொடுத்தார்கள். மேடையில் வாங்கும்போது பக்கத்தில் நின்ற அவர், "காவலரை எடுத்துட்டாவ மேடம். நேத்து தான் தெரியும்" என்று என் காதில் சொன்னார். எல்லோரும் கை தட்டிக்கொண்டிருந்தார்கள்.

மறுநாளே போனேன். அவள் அறையில் வேறு குடும்பம் இருந்தது. துவைத்த குழந்தைத் துணிகள் கொடியில் தொங்கின. வருடக்கணக்கில் அங்கேயே இருந்தவர்கள் போல அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. முன்பு இருந்தவள் எங்கே என்று கேட்டேன். ஊருக்குப் போய்விட்டாள் என்றார்கள். எந்த ஊர் என்றால் தெரியவில்லை. எனக்குத் தெரிந்து அவளுக்கு வேறு ஊர் கிடையாது. வேனிலிருந்து அவளோடு இறங்கிய வயதான தம்பதி அங்கேயே இருந்தார்கள். அவர்களிடம் கேட்டேன். எந்தப் பிரச்சனையும் இல்லைங்க மேடம் என்றார் அந்தக் கிழவர்.

சப்-இன்ஸ்பெக்டர் போட்ட வழக்கு மட்டும் மிஞ்சியது. மேனேஜர் மீது, வேன் ஓட்டியவர்கள் மீது. ஷெட்டில் அடைபட்டிருந்தவர்களில் ஒருவர்கூடச் சாட்சி சொல்ல வரவில்லை. விருப்பப்பட்டுத்தான் போனோம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். சாட்சிக்கு மீதியிருந்தது நானும் அவரும், கிடைத்தால் அவளும்.

மாதங்கள் கழித்து, வாக்காளர் பட்டியல் திருத்தத்தின்போது அவள் பெயரை நீக்கச் சொல்லி ஒரு விண்ணப்பம் என் மேசைக்கு வந்தது. இடம்பெயர்ந்துவிட்டார் என்று காரணம் போட்டிருந்தது. விசாரிக்க வேண்டியது என் கடமை என்று சொல்லிக்கொண்டு தேடினேன். தளி சந்தையில் பூ விற்கும் ஒரு பெண், சூளகிரிப் பக்கம் புதிதாக வந்த தொழிற்பேட்டையில் ஒரு பேக்கிங் கம்பெனியைச் சொன்னாள். ஷிப்ட் மாறும் மதிய நேரத்தில் போய், கேட்டுக்கு எதிரே டீக்கடையில் நின்றேன். நீலக் கோட்டு போட்ட பெண்கள் கூட்டமாக வெளியே வந்தார்கள். அவள் என்னைப் பார்த்ததும் நடையை நிறுத்தினாள். பிறகு கூட வந்தவர்களை முன்னால் போகவிட்டு, தனியாக வந்தாள். மெலிந்திருந்தாள். விரல்களில் பிளாஸ்திரி இல்லை.

காவலர் போன மறுநாளே அறையைக் காலி செய்யச் சொன்னார்களாம். அடிக்கவில்லை, திட்டவில்லை. சாமான்களை எடுத்து மழையில் வைத்தார்களாம். மூன்று இடத்தில் வேலை கேட்டாளாம். மூன்று இடத்திலும் முதல் நாள் சேர்த்துக்கொண்டு இரண்டாம் நாள் வேண்டாம் என்றார்களாம்.

பட்டியலில் பெயரைச் சூளகிரிக்கு மாற்றித் தருகிறேன், நானே படிவம் எழுதுகிறேன் என்றேன். வேண்டாம் என்று தலையாட்டினாள்.

"எம்பேர எங்கயும் எழுதாதீங்க மேடம்."

அன்று நான் அவளைப் பார்த்திருக்கக் கூடாது என்று சொன்னேன். அவள் நெடுஞ்சாலையில் போகும் லாரிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவற்றிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்: "நான் யாருக்குப் போட்டேன்னு ஒருத்தருக்கும் தெரியாதுங்க. எறங்கினது நாந்தான்னு எல்லாருக்கும் தெரியும்."

சாட்சியைப் பற்றி நான் கேட்கவில்லை. டீயைக் குடித்துவிட்டுப் போனாள்.

வழக்கு வாய்தா வாய்தாவாக நகர்ந்தது. சப்-இன்ஸ்பெக்டரைத் தெற்கே மாற்றிவிட்டார்கள். ஒவ்வொரு வாய்தாவுக்கும் பஸ் பிடித்து வந்துவிடுவார். கோர்ட்டு வராந்தாவில் மேனேஜர் எங்களைப் பார்த்ததும் எழுந்து கும்பிடுவார். நல்லா இருக்கீங்களா மேடம் என்பார். மகள் படிப்பை முடித்தாளா என்பார். நான் நேரே உள்ளே போய்விடுவேன். போன வாய்தாவில் வழக்கம்போலக் கும்பிட்டார். நான் தாண்டிப் போகும்போது அந்தச் சின்னக் குரலில் சொன்னார்: "சூளகிரிப் பக்கம் போயிருந்தீங்களாமே மேடம்."

அன்று கோர்ட்டில் என்ன நடந்தது என்று எனக்கு நினைவில்லை. அவள் எண்ணுக்குப் போட்டேன், உபயோகத்தில் இல்லை. வெளியே வந்து கிடைத்த பஸ்ஸில் ஏறினேன். பேக்கிங் கம்பெனி கேட்டில் விசாரித்தேன். அவள் வேலையை விட்டுப் பத்து நாளாகிறது என்றார்கள். அவள் தங்கியிருந்த அறையைத் தேடிப் போனேன். பக்கத்து அறையில் ஒரு பெண் அரிசி களைந்துகொண்டிருந்தாள். யாராவது வந்து மிரட்டினார்களா என்று கேட்டேன். இல்லை, யாரோ இரண்டு பேர் தெருமுனையில் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள், அன்றைக்கே அவளாகத்தான் கிளம்பினாள் என்றாள். நல்லபடியாகப் போனாளா என்று கேட்டேன். தானே பஸ் ஏற்றிவிட்டதாகவும், போய்ச் சேர்ந்து அவள் போன் செய்ததாகவும் சொன்னாள்.

சொல்லிவிட்டு, அடுத்த கேள்விக்காக என் முகத்தைப் பார்த்தாள். இந்தப் பெண்ணுக்கு இடம் தெரியும். எனக்குப் பின்னால், தெருமுனைக் கடை வாசலில் ஒரு பைக் வந்து நின்றது. யாரென்று திரும்பிப் பார்க்கவில்லை. எந்த ஊருக்கு என்று அவளிடம் கேட்கவுமில்லை. வருகிறேன் என்று சொல்லிவிட்டு நெடுஞ்சாலையை நோக்கி நடந்தேன்.